மூன் ஆற்றின் வாயை மறித்த அணை: பாக் மூனும் மீகாங்கின் வலசை மீன்களும்

தாய்லாந்தின் வடகிழக்கில் பெய்யும் மழையின் பெரும்பங்கை வடித்துக்கொண்டு வரும் மூன் ஆறு, உபோன் ராட்சதானி மாகாணத்தில் லாவோஸ் எல்லையை ஒட்டி மீகாங் பேராற்றில் கலக்கிறது. அந்தக் கூடுமுகத்திலிருந்து ஐந்தரை கிலோமீட்டர் மேலே பாக் மூன் அணை நிற்கிறது. 1990இல் கட்டத் தொடங்கி 1994இல் இயக்கத்துக்கு வந்த இந்த அணையின் பெயருக்கே மூன் ஆற்றின் வாய் என்றுதான் பொருள். உயரம் 17 மீட்டர், நீளம் 300 மீட்டர், மின் உற்பத்தித் திறன் 136 மெகாவாட். நீரை ஆண்டுக்கணக்கில் தேக்கிவைக்கும் அணை அன்று இது. வரும் நீரை ஏறக்குறைய வந்தபடியே சுழலிகள் வழியாக விடும் ஓட்டநீர் அணை. தாய்லாந்து மின் உற்பத்தி ஆணையம் இதைக் கட்டியது. உலக வங்கி 1991 டிசம்பரில் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது.

உலகின் பெரிய அணைகளோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆயினும் நன்னீர் வலசை மீன்களின் மேலாண்மையைப் பற்றிப் பேசுவோர் இந்த ஒன்றிடம் திரும்பத் திரும்ப வருகிறார்கள். கட்டுமுன் செய்த கணிப்பு, மீன்கள் அணையைத் தாண்டி ஏற அமைத்த மீன் ஏணி, குஞ்சு விடும் திட்டம், மீனவருக்கான இழப்பீடு, கடைசியில் ஓராண்டு முழுக்க மதகுகளைத் திறந்துவிட்டுப் பார்த்த சோதனை என்று இத்துறையின் கருவிகள் ஏறத்தாழ எல்லாமே இங்கு ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தப்பட்டன. ஆவணங்களைத் தொடர்ந்து படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: மீன் என்பது பிடிபடும் இடத்தில் வாழும் உயிர் என்ற சொல்லப்படாத எண்ணம் தொடக்கக் கணிப்பில் நுழைந்துவிட்டது, அதன்பின் வந்த ஒவ்வொரு திருத்தமும் அந்த எண்ணத்தை அசைக்காமலேயே செய்யப்பட்டது. ஆறு அந்த மீன்களுக்கு வீடு மட்டும் அன்று, வழியும் கூட.

மீன் ஏன் நகர்கிறது

வலசை மீன் என்றதும் கடலிலிருந்து ஆறேறும் சால்மனும் ஆற்றிலிருந்து கடலிறங்கும் விலாங்கும்தான் பலர் நினைவுக்கு வரும். மீகாங்கில் கடலிலிருந்து மேலேறும் பங்காசியஸ் கிரெம்ஃபி போன்ற கெளுத்தி இனங்கள் உண்டு. ஆனால் அங்குள்ள வலசையின் பெரும்பகுதி கடலைத் தொடுவதே இல்லை. முட்டையிடும் இடம் ஒன்று, இரை தேடி வளரும் இடம் வேறு, கோடையைக் கழிக்கும் இடம் மற்றொன்று என்று ஒரே மீன் தன் வாழ்நாளை ஆற்றின் மூன்று பகுதிகளுக்குப் பகிர்ந்துகொடுக்கிறது. அந்த இடங்களுக்கு நடுவே பல நூறு கிலோமீட்டரும் ஒரு நாட்டு எல்லையும் இருக்கலாம்.

இந்தப் பகிர்வுக்குக் காரணம் பருவமழை. கோடையில், அதாவது மழையில்லா மாதங்களில், ஆறு சுருங்கி, பாறைக்குழிகளான மடுக்களில் மட்டும் ஆழமான நீர் எஞ்சும். பெரிய மீன்கள் அங்கே ஒதுங்கிக் காத்திருக்கும். மழை தொடங்கி நீர்மட்டம் ஏறி, நீர் கலங்கி, கரையோரப் பூச்சிகள் நீரில் விழும்போது அவை மேலேறத் தொடங்குகின்றன. நீர் உயர்வு, கலங்கல், நிலவின் நிலை ஆகியவை சேர்ந்து அளிக்கும் குறிப்பை ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு விதமாக வாசிக்கிறது. அதனால் வலசை ஒரே நாளில் நிகழ்வதில்லை. அலை அலையாக, இனம் இனமாக நிகழ்கிறது. லாவோஸின் தென்கோடியில் உள்ள கோன் அருவிப் பகுதியில் ஆண்டுக்கணக்காக நடந்த பதிவுகளில் இந்த ஒழுங்கு தெளிவாகத் தெரிகிறது. ஹெனிகோரிங்கஸ் போன்ற சிறிய கெண்டையினங்கள் கோடையின் நடுவில், ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் அமாவாசையை ஒட்டிப் பெருங்கூட்டமாக மேலேறுகின்றன. பங்காசியஸ் கெளுத்திகள் மே முதல் ஜூலை வரையிலான புதுவெள்ளத்தில் ஏறுகின்றன.

மேலேறிய மீன் முட்டையிட்டதோடு வேலை முடிவதில்லை. பல இனங்களின் முட்டைகள் நீரில் பாதி மிதந்தபடி ஓட்டத்தோடு கீழே வருகின்றன. பொரித்து வந்த குஞ்சுகளும் நீந்தும் வலுவின்றி மிதந்து, கீழுள்ள வெள்ளச் சமவெளிகளுக்குள் நுழைந்து, மூழ்கிய புல்வெளியிலும் காட்டிலும் வளர்கின்றன. வெள்ளம் வடியும்போது இளமீன்கள் ஆற்றுக்குத் திரும்புகின்றன. ஓட்டம் எங்கே நின்றுபோகிறதோ அங்கே முட்டை அடியில் படிந்து மூச்சுமுட்டிச் சாகும். மிதந்து வரும் குஞ்சு இரையின்றி மடியும், அல்லது பிற மீனுக்கு இரையாகும். ஆகவே அணை மறிப்பது ஒரு வழியை அன்று, இரண்டு வழிகளை: தாய்மீன் மேலே போகும் வழியையும், குஞ்சு கீழே வரும் வழியையும். இரண்டாவதைப் பற்றிப் பாக் மூன் விவகாரத்தில் வியக்கத்தக்க அளவு குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. அது பின்னர் தெரியவரும்.

எல்லா மீனும் இப்படி நகர்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விரால், பனையேறி போன்றவை குளத்திலும் சதுப்பிலும் ஆண்டு முழுவதையும் கழிக்கக்கூடியவை. காற்றைச் சுவாசிக்கவும் வல்லவை. நீர்த்தேக்கம் அவற்றைப் பெரிதாகத் துன்புறுத்தாது. ஒரு தேக்கத்தில் மீன் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே பதில் வரும். எந்த மீன் என்ற அடுத்த கேள்வியில்தான் உண்மை வெளிப்படும்.

மூன் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு மற்றொரு சிறப்பும் இருந்தது. பாறைகளுக்கு இடையே நீர் நுரைத்து விரைந்தோடும் விரைவோட்டங்கள் அங்கே வரிசையாக அமைந்திருந்தன. தாய்லாந்து மொழியில் இவற்றைக் கேங் என்கிறார்கள். பாறை இடுக்குகள், அவற்றுக்கு இடைப்பட்ட மடுக்கள், ஆக்சிஜன் நிறைந்த ஓட்டம் எல்லாம் சேர்ந்து சில இனங்களுக்கு முட்டையிடும் இடமாகவும், சிலவற்றுக்கு நிலையான வாழிடமாகவும், மீனவருக்குப் பொறி வைக்கும் இடமாகவும் விளங்கின. கரையோர ஊர்களில் பலருக்கு நெல்வயல் குறைவு. அவர்கள் மீனைக் கொடுத்து அரிசி வாங்கினார்கள். மழையின் தொடக்கத்தில் கிடைக்கும் மீன்தான் ஆண்டின் சோற்றைத் தீர்மானித்தது.

ஹெக்டேருக்கு 220 கிலோ

அணைக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1980களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. அதன்பின், குடியிடப்பெயர்வைக் குறைக்கவும் கேங் தனா விரைவோட்டத்தைக் காக்கவும் அணையின் இடம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் மேலே நகர்த்தப்பட்டது, வடிவமும் மாறியது. ஆனால் மதிப்பீடு புதிதாகச் செய்யப்படவில்லை. பழைய மதிப்பீடு அணையால் சில இனங்களுக்குத் தடை ஏற்படலாம் என்று ஒப்புக்கொண்டு, அதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்றையும் முன்வைத்தது. 60 சதுர கிலோமீட்டர் தேக்கத்தில் குஞ்சு விடாமலேயே ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 100 கிலோ மீனும், குஞ்சு விட்டால் 220 கிலோ மீனும் கிடைக்கும் என்பது அந்தக் கணிப்பு.

60 சதுர கிலோமீட்டர் என்பது 6,000 ஹெக்டேர். 220 கிலோ என்றால் ஆண்டுக்கு 1,320 டன். பெரிய அணைகளின் பயனையும் கேட்டையும் ஆராய அமைந்த பன்னாட்டுக் குழுவான உலக அணைகள் ஆணையம் 2000ஆம் ஆண்டில் பாக் மூனை ஆராய்ந்தபோது, தாய்லாந்தில் நீரை உண்மையாகவே தேக்கும் பெரிய நீர்த்தேக்கங்களில் குஞ்சு விட்டும் கிடைத்த விளைச்சல் ஹெக்டேருக்கு 19 முதல் 38 கிலோ வரை மட்டுமே என்று சுட்டியது. ஓட்டநீர் அணைக்கு மேற்புறம் தேங்கும் தலைக்குளத்தில் நீர் நின்று மிதவையுயிர் பெருகுவதற்கு நேரமே கிடைப்பதில்லை என்பதால், பாக் மூனுக்கு 10 கிலோ என்று கணித்திருந்தால் அது பொருத்தமாக இருந்திருக்கும் என்றும் அது கருதியது. அதன்படி ஆண்டுக்குக் கிடைக்கக்கூடியது 60 டன்.

இந்த இடைவெளியைக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஆற்றை ஒரு குளமாக எண்ணி, பரப்பளவை விளைச்சலால் பெருக்கியதால் வந்த எண் அது. மூன் ஆற்றில் பிடிபட்ட மீன் அந்த 60 சதுர கிலோமீட்டரில் விளைந்தது அன்று. மேலே மூன், சீ ஆகிய ஆறுகளின் வடிநிலமும், கீழே மீகாங்கும் அதன் வெள்ளச் சமவெளிகளும் சேர்ந்து விளைவித்து, ஒரு குறுகிய வாய் வழியாக அனுப்பியது. கணக்குப் போட வேண்டியிருந்தது அந்த வாயைக் கடந்த உயிர்களை. போட்டது அதன் பின்னால் தேங்கிய நீரை. மின்சாரத்தின் கணக்கும் ஏறத்தாழ இதே கதியை அடைந்தது. அணையின் செலவு, தாய்லாந்து நாணயமான பாட் கணக்கில், 388 கோடியிலிருந்து 650.7 கோடியாக உயர்ந்தது. 1995 முதல் 1998 வரையிலான இயக்கத்தை வைத்துப் பார்த்தபோது, உச்சத் தேவை நேரத்தில் உறுதியாக நம்பக்கூடிய திறன் 136 மெகாவாட்டில் ஏறத்தாழ 21 மெகாவாட் என்று உலக அணைகள் ஆணையத்தின் ஆய்வு கணக்கிட்டது.

ஏணி

மீனவர்களும் அறிஞர்களும் எழுப்பிய எதிர்ப்புக்குப் பதிலாக அணையின் பக்கத்தில் ஒரு மீன் ஏணி அமைக்கப்பட்டது. தொட்டியும் தடுப்புச்சுவரும் மாறிமாறி வரும் படிக்கட்டு வகை அது. மீன் ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்குத் தாவியோ நீந்தியோ ஏற வேண்டும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சால்மனுக்காக வளர்ந்த வடிவம் இது. வலுவான உடலும், நீரை விட்டு எழும்பித் தாவும் வழக்கமும், மேலேறியே தீர வேண்டும் என்ற உந்துதலும் கொண்ட ஓரிரு இனங்களுக்கு ஏற்றவாறு அது செதுக்கப்பட்டது.

மூன் ஆற்றின் வாயில் காத்திருந்த மீன்களோ வேறு. விரல் நீளக் கெண்டை முதல் ஆளளவு கெளுத்தி வரை அவற்றின் உருவம் விரிந்தது. அடித்தளத்தை ஒட்டியே நகர்பவை, நீர்ப்பரப்பை ஒட்டி நகர்பவை, பாறையைப் பற்றிப் பற்றி ஏறுபவை, தாவவே தெரியாதவை என்று நடையும் வேறுபட்டது. அவை ஒன்றிரண்டாக வருவதில்லை. சில நாட்களில் பெருந்திரளாக வந்து குவிகின்றன. அத்தனை திரளுக்கும் பக்கவாட்டில் ஓர் ஒடுங்கிய படிக்கட்டு போதாது. அதற்கும் முன்பாக வேறொரு தடை இருக்கிறது. மீன் ஏணியின் வாயைக் கண்டுபிடிக்க வேண்டும். மேலேறும் மீன் வலுவான ஓட்டத்தை நோக்கியே செல்லும். அந்த ஓட்டம் சுழலிகளிலிருந்தோ மதகுகளிலிருந்தோ வரும்போது, ஏணியிலிருந்து வரும் மெல்லிய நீரோட்டம் அதன் புலனில் பதிவதே கடினம். மீகாங்கின் மட்டம் பருவத்துக்கு ஏற்பப் பல மீட்டர் ஏறி இறங்குவதால், ஒரு மட்டத்துக்குப் பொருந்தும் நுழைவாய் மற்றொரு மட்டத்துக்குப் பொருந்தாது.

ஏணி மேலேறும் மீனுக்கு உதவவில்லை என்பதே உலக அணைகள் ஆணையத்தின் முடிவு. டைசன் ராபர்ட்ஸ் என்ற மீனியல் அறிஞர் அணை முடியும் முன்பே, 1993இல், இந்த அணை மீகாங் படுகையின் மீன்களுக்குக் கேடு செய்யும் என்று எழுதி எச்சரித்திருந்தார். ஏணி முழு வெற்றி பெற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது இங்கே பயனுள்ளது. தாய்மீன்கள் மேலே சென்று முட்டையிட்டிருக்கும். முட்டையும் குஞ்சும் ஓட்டத்தில் மிதந்து வந்து, ஓட்டம் தளர்ந்த தலைக்குளத்தில் நின்றிருக்கும். அதைக் கடந்தவை சுழலிகளின் அழுத்த மாற்றத்துக்குள் நுழைந்திருக்கும். திரும்பும் வழி வரைபடத்தில் இல்லாத ஏணி, மீனை மேலே இழுத்து அடைத்துவைக்கும் பொறியாகவும் ஆகக்கூடும். ஏணியின் தோல்வியைப் பற்றி எழுதியவர்களில் பலரும் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு இது முதன்மையான கேள்வியாகப் படுகிறது.

இறால் விட்ட தேக்கம்

இயற்கையாக வராத மீனுக்கு ஈடாகப் பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகள் கொண்டுவந்து விடப்பட்டன. 1995 முதல் 1998 வரை இதற்கான செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 32,000 முதல் 44,000 அமெரிக்க டாலர் வரை இருந்தது. விடப்பட்டவற்றுள் முதன்மையானது மாக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி எனப்படும் பெரிய நன்னீர் இறால்.

நல்ல விலை போகும் உயிர் அது. தேர்வுக்குக் காரணம் புரிகிறது. ஆனால் அதன் வாழ்க்கைச் சுற்றைக் கவனிக்க வேண்டும். வளர்ந்த இறால் நன்னீரில் வாழும். முட்டை சுமக்கும் பெண் இறால் ஆற்றின் வழியே கழிமுகம் நோக்கி இறங்கும். குஞ்சு உப்பு கலந்த நீரில் மட்டுமே பிழைத்து வளர்ந்து, மீண்டும் மேலேறும். அதாவது, வலசை மீன்களின் வழி அடைபட்டதால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, அடைபட்ட அதே வழிக்குப் பின்னால், மற்றொரு வலசை உயிர் விடப்பட்டது. தேக்கத்தில் அது ஒருபோதும் தன்னைப் பெருக்கிக்கொள்ளாது. விட்டவை பிடிபட்டு முடிந்ததும் மறுபடி வாங்கி விட வேண்டும், ஆண்டுதோறும். மீன்வளம் என்பது தானே புதுப்பித்துக்கொள்ளும் வளம் என்ற அடிப்படை அங்கே கைவிடப்பட்டது. தலைக்குளத்தில் விளைச்சல் கூடியதற்கான அறிகுறி எதுவும் உலக அணைகள் ஆணையத்துக்குக் கிடைக்கவில்லை.

இழப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1995இல் 3,955 மீனவக் குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு 90,000 பாட் என்று உடன்பாடு ஆயிற்று. 2000 மார்ச் வரை மொத்தம் 6,202 குடும்பங்களுக்கு 48.85 கோடி பாட் வழங்கப்பட்டிருந்தது. இவை யாவும் கட்டுமானம் நடந்த மூன்றாண்டுகளின் இழப்புக்கானவை. அணை நிற்கும் காலமெல்லாம் தொடரும் இழப்பு அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

265உம் 96உம்

பாக் மூனைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண்கள் இரண்டு. 1994க்கு முன் மூன்–சீ வடிநிலத்தில் பதிவான மீனினங்கள் 265. அவற்றுள் 77 வலசை இனங்கள், 35 விரைவோட்டத்தைச் சார்ந்தவை. அணைக்குப் பின் செய்த கணக்கெடுப்பில் மேற்பகுதியில் கிடைத்தவை 96. மீனவர்கள் முன்பைவிட மிகக் குறைவாகப் பிடிப்பதாகச் சொன்ன இனங்கள் 51. மேற்பகுதியில் பிடிப்பின் வீழ்ச்சி 60 முதல் 80 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டது.

அணையை எதிர்ப்போர் 265இலிருந்து 96ஐக் கழித்து, 169 இனங்கள் அழிந்தன என்று எழுதுவதுண்டு. அவர்கள் அக்கறையை நான் பகிர்ந்துகொள்கிறேன். அந்தக் கழித்தலை ஏற்க முடியாது. முதல் எண் பல்லாண்டுகளில், பல ஆய்வுகளில், வடிநிலம் முழுவதிலும் பதிவானவற்றின் கூட்டுத்தொகை. இரண்டாவது ஒரு குறுகிய காலக் கணக்கெடுப்பு. எவ்வளவு வலை வீசினோம், எங்கே வீசினோம், எத்தனை பருவம் வீசினோம் என்பவற்றைப் பொறுத்து இன எண்ணிக்கை ஏறும், இறங்கும். மின் உற்பத்தி ஆணையமும் உலக வங்கியும் உலக அணைகள் ஆணைய ஆய்வின் முடிவுகளை மறுத்தபோது அவர்களுக்கு இடம் கொடுத்தது இத்தகைய தளர்ச்சிதான். மிகைப்பிடிப்பு, மாசு, மேலே கட்டப்பட்ட ராசி சலாய் போன்ற பிற தடுப்பணைகள் ஆகியவற்றின் பங்கும் கணக்கில் சேர வேண்டியதே.

அணை எழுவதற்கு முன், அதே இடங்களில், அதே வலைகளைக் கொண்டு, மாதந்தோறும், பல பருவங்களுக்குத் தொடர்ந்து எடுத்த அளவீடு இருந்திருந்தால் இந்த வாதம் எழுந்தே இராது. அது இல்லாததால் ஏற்பட்ட கேடு இரு பக்கமும் வெட்டியது. இழந்தவர்களால் இழப்பை நிறுவ முடியவில்லை. கட்டியவர்களால் இழப்பு இல்லை என்றும் நிறுவ முடியவில்லை. காரணத்தைத் தனித்துப் பிரிக்க ஒரே ஒரு வழி மிஞ்சியிருந்தது: தடையை நீக்கிவிட்டு, மற்றவற்றை இருந்தபடி விட்டுவிட்டுப் பார்ப்பது.

மதகு திறந்த ஆண்டு

அந்த வழி அறிவியலாளரால் திறக்கவில்லை, ஊர்மக்களால் திறந்தது. 1999 மார்ச்சில், ஏழைகள் பேரவை என்ற கூட்டமைப்பைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் அணையை ஒட்டிக் குடிசைகள் போட்டு, மே மூன் மன் யுன் என்று பெயரிட்ட ஓர் ஊரையே அமைத்து அமர்ந்தனர். நிலைபெற்ற மூன் அன்னை என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். நெடிய போராட்டத்துக்குப் பின், 2001இல் பதவியேற்ற புதிய அரசு, அவ்வாண்டு ஜூனில் எட்டு மதகுகளையும் திறக்க ஆணையிட்டது. முதலில் நான்கு மாதத்துக்கு என்று தொடங்கியது பின்னர் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. விளைவுகளை ஆராயும் பொறுப்பு உபோன் ராட்சதானி பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

மதகு திறந்ததும் தலைக்குளம் வடிந்து, மூழ்கியிருந்த பாறைகளும் விரைவோட்டங்களும் வெளியே வந்தன. மழைநீரோடு மீகாங்கிலிருந்து மீன்கள் ஏறின. ஏழாண்டு அடைப்புக்குப் பின் அவை வந்தன என்பது இரண்டு உண்மைகளைச் சேர்த்து நிறுவுகிறது. அந்த இனங்கள் அழிந்துவிடவில்லை. மீகாங்கில், வேறு கிளையாறுகளில், வேறு மடுக்களில் அவற்றின் கூட்டம் எஞ்சியிருந்தது. மேற்பகுதியில் அவை இல்லாமற்போனதற்கு முதன்மைக் காரணம் தடைதான். மாசும் மிகைப்பிடிப்பும் அந்த ஓராண்டில் திடீரென்று மறைந்துவிடவில்லையே.

பல்கலைக்கழக ஆய்வோடு கூடவே ஊர்மக்கள் தாங்களே ஓர் ஆய்வை நடத்தினார்கள். தாய் பான், அதாவது ஊரார் ஆராய்ச்சி, என்று அதற்குப் பெயர். தென்கிழக்காசிய ஆறுகள் வலையமைப்பைச் சேர்ந்தவர்கள் எழுதுவதற்குத் துணை நின்றனர், ஆய்வாளர்கள் மீனவர்களே. எந்த மீன் எந்த மாதம் எந்தக் கேங்கில் ஏறுகிறது, எந்த மடுவில் தங்குகிறது, எந்தப் பொறியில் விழுகிறது, எந்த இரையைத் தின்கிறது என்று அவர்கள் ஊர்ப்பெயர்களோடு பதிந்தார்கள். திரும்பி வந்த இனங்கள் 156 என்று எண்ணினார்கள்.

இந்த எண்ணையும் 265, 96 ஆகியவற்றோடு அடுக்கி ஒப்பிடக் கூடாது. முறை வேறு, இடம் வேறு. ஊரார் ஆய்வின் மதிப்பு அந்த எண்ணிக்கையைவிட அதன் கட்டமைப்பில் இருக்கிறது என்பது என் கருத்து. மீனவரின் அறிவு இடத்தையும் காலத்தையும் பிரிக்காமல் வைத்திருக்கிறது. பொறி ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஆழத்துக்கு, குறிப்பிட்ட ஓட்டத்துக்கு, குறிப்பிட்ட மாதத்துக்கு உரியது. மீனவரின் பொறிகளை வரிசைப்படுத்தினாலே வலசையின் நாட்காட்டி கிடைத்துவிடும். தலைக்குளம் நிரம்பி ஆழம் கூடியபோது விரைவோட்டத்துக்கு உரிய பொறிகள் பயனற்றுப்போயின. ஆழ்நீர் வலை வாங்கப் பணம் இருந்தவர் மட்டுமே தொடர முடிந்தது. 1980களின் மதிப்பீட்டாளர் இந்த நாட்காட்டியைக் கேட்டு வாங்கியிருந்தால், ஆறு எப்போது திறந்திருக்க வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்திருக்கும்.

நான்கு மாதம்

ஓராண்டு முடிவில் மதகுகளை ஆண்டு முழுவதும் திறந்துவைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக ஆய்வு பரிந்துரைத்தது. 2002இல் அமைச்சரவை எடுத்த முடிவு வேறு: ஆண்டுக்கு நான்கு மாதம், ஜூலை முதல் அக்டோபர் வரை திறப்பு, மற்ற எட்டு மாதம் அடைப்பு.

இடைவழி என்ற அளவில் இது நியாயமாகத் தோன்றும். மீனுக்கு ஒரு பங்கு, மின்சாரத்துக்கு ஒரு பங்கு. மேலே சொன்ன வலசை ஒழுங்கோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த அட்டவணைப்படி, ஜனவரி, பிப்ரவரியில் ஏறும் சிறுகெண்டைகள் மூடிய மதகைச் சந்திக்கின்றன. மே, ஜூன் மாதப் புதுவெள்ளத்தில் சினையோடு ஏறும் கெளுத்திகள், அதாவது மீனவருக்கும் இனப்பெருக்கத்துக்கும் மிக முதன்மையான அலையினர், மூடிய மதகைச் சந்திக்கின்றனர். ஜூலையில் திறக்கும்போது கிடைப்பது அலையின் வால். அக்டோபர் இறுதியில் மூடும்போது, வெள்ளம் வடிய வடியக் கீழிறங்கும் கூட்டத்தில் பின்தங்கியவை மேலேயே சிக்குகின்றன. நான்கு மாதம் திறப்பு என்பதால் மீனுக்குத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது என்று எண்ணுவது தவறு. வலசைக்கு மாதக் கணக்கு கிடையாது. வந்த நேரத்தில் வழி இருந்ததா, இல்லையா என்பது மட்டுமே கணக்கு.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மழைக்காலத்தின் உச்சத்தில் மீகாங்கின் மட்டம் உயர்ந்து அணையின் கீழ்ப்புறத்தைத் தொடும்போது, இரு பக்க நீர்மட்டங்களின் வேறுபாடு குறைந்து சுழலிகளை நிறுத்த வேண்டிய நிலை வருகிறது. அதாவது ஜூலை முதல் அக்டோபர் வரையிலான காலம், மின்சாரம் எப்படியும் குறையக்கூடிய வாரங்களை உள்ளடக்கியது. முடிவெடுத்தவர்களின் எண்ணத்தை நான் அறிவதாகச் சொல்லவில்லை. அந்த நாட்காட்டி மீனின் வருகையைவிட மின் இழப்பின் சிறுமையோடு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பதை மட்டும் எவரும் காணலாம்.

தேதிக்குப் பதிலாக ஆற்றையே அளவாகக் கொள்வது இதைவிட நல்ல முறை. கூடுமுகத்தில் நீர்மட்டம் கோடைநிலையிலிருந்து உயரத் தொடங்கிய முதல் நாளே மதகைத் தூக்குவது. மேலேயுள்ள வெள்ளச் சமவெளியிலிருந்து இளமீன்களின் இறக்கம் ஓய்ந்த பிறகே இறக்குவது. கோடையில் அமாவாசையை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டும் திறப்பது. இதில் கடைசிக் கூறு மின்சாரத்துக்குச் சில நாள் இழப்பையே தரும், ஒரு முழு வலசை அலைக்கு வழியையும் தரும். மழை முந்திய ஆண்டில் திறப்பும் முந்தும். பிந்திய ஆண்டில் பிந்தும். இதற்குத் தேவை தொடர்ந்த பிடிப்புப் பதிவும், அதைப் படித்து மதகை இயக்கும் அதிகாரம் பெற்ற, மீனவரும் உட்கார்ந்திருக்கும் ஒரு குழுவும்.

கிளையாறு என்ற சொல்

மீகாங் நாடுகளான கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகியவை 1995 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்து மீகாங் ஆற்று ஆணையத்தை நிறுவின. அதன்படி மைய ஆற்றில் செய்யும் பயன்பாடுகளுக்கு முன்கலந்தாய்வு முதலிய கடுமையான நிபந்தனைகள் உள்ளன. கிளையாற்றில் கட்டுவதற்கு அறிவிப்பு ஒன்றே போதும். பாக் மூன் அதற்கு முன்னமே முடிந்துவிட்டது. அதே அணை இன்று திட்டமிடப்பட்டாலும் அறிவிப்போடு நின்றுவிடும், மூன் கிளையாறு என்பதால். கோன் அருவியைத் தாண்டி வந்து ஐந்தரை கிலோமீட்டர் திரும்பி நுழையும் கெளுத்திக்கு மைய ஆறு, கிளையாறு என்ற வேறுபாடு கிடையாது. கம்போடியாவில் அதன் குஞ்சைப் பிடிக்கும் மீனவருக்கும் கிடையாது. சட்டத்தின் அலகும் உயிரின் அலகும் பொருந்தாத இடம் இது. பாக் மூன் இழப்பின் ஒரு பகுதி எல்லைக்கு அப்பால், எவராலும் கணக்கிடப்படாமல் நிகழ்ந்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

மீன்வழிகளே வீண் என்ற முடிவுக்கும் பாக் மூன் அனுபவத்திலிருந்து செல்ல வேண்டியதில்லை. லாவோஸில் பாக் பெங் சதுப்புநிலத்தின் வாயிலுள்ள தாழ்ந்த மதகில், ஆஸ்திரேலிய, லாவோஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து வேறு வரிசையில் வேலை செய்தார்கள். முதலில் அங்கு உண்மையாக வந்து நிற்கும் மீன்களைப் பிடித்துப் பார்த்து, எந்தச் சரிவையும் எந்தக் கொந்தளிப்பையும் அவை தாங்கும் என்று தற்காலிகத் தடங்களில் சோதித்து, அதன்பிறகே நிலையான மீன்வழியைக் கட்டினார்கள். சிறிய மீன்களும் பலவகை இனங்களும் அதைக் கடந்தன. அங்கே ஏற வேண்டிய உயரம் சில மீட்டர்தான், குஞ்சுகளை அரைக்கும் சுழலியும் இல்லை. 17 மீட்டர் அணைக்கு அந்த விடையை அப்படியே எடுத்துவைக்க முடியாது. எடுத்துவைக்கக்கூடியது அவர்கள் கேள்வி கேட்ட வரிசை: யார் வருகிறார்கள், எப்போது, எவ்வளவு, எப்படி நீந்தி, திரும்புவது எவ்வழி. மூன் ஆற்றின் வாயில் கான்கிரீட் ஊற்றப்படும் முன் இந்த ஐந்தில் நான்குக்குக் கரையோர ஊர்களில் விடை இருந்தது. ஐந்தாவதை, திரும்பும் வழியை, இன்றும் மதகு இறங்கும் தேதிதான் தீர்மானிக்கிறது.